குப்புற விழுந்தால் என்ன விலை? ஜூடோவும் ஜியு-ஜிட்சுவும் பிரியும் இடம்

கபடியில் பாடிப் போனவனின் கணுக்காலை மூலையில் நிற்பவன் பிடித்துவிட்டால், போனவன் குப்புறத்தான் விழுவான். வேண்டுமென்றே அப்படி விழுவான். நெஞ்சு தரையில் உரச, ஒரு கையை முன்னே நீட்டி, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் போதும், பிடித்தவர்கள் அத்தனை பேரும் அவுட். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ஏர்வாடி என்று ராமநாதபுரம் கடற்கரையில் மின்னொளி கபடி நடக்கும் ஊர்களில் இந்த விழுகையைப் பார்க்காமல் ஒரு இரவும் போகாது. பத்து வயதுப் பையனுக்கே அது உடம்பில் ஊறிக் கிடக்கும்.

அதே பையன் ஜூடோ மேட்டில் அதே மாதிரி விழட்டும். எதிராளிக்குப் புள்ளி கிடையாது. நெஞ்சு கீழே போன விழுகையை ஜூடோ கணக்கில் எடுப்பதில்லை. எதிராளி மேலே ஏறிப் புரட்டப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நடுவர் ‘மாத்தே’ என்று நிறுத்தி, இருவரையும் எழுப்பி நிற்க வைத்துவிடுவார். பையன் தப்பித்தான்.

பிரேசிலிய ஜியு-ஜிட்சு மேட்டில் இதே விழுகை பெரிய தப்பு. எழுப்பிவிட நடுவர் வரமாட்டார். எதிராளி முதுகில் ஏறி, இரண்டு குதிகாலையும் பையனின் தொடைகளுக்கு உட்புறம் கொக்கி மாதிரி மாட்டி, மூன்று நொடி நிலைத்தால் 4 புள்ளி. அந்த ஆட்டத்தில் ஒரே அசைவுக்குக் கிடைக்கும் அதிகபட்சம் அதுதான். அதற்கப்புறம் கழுத்தைச் சுற்றி ஒரு கை நுழைந்தால் புள்ளிக்கே வேலை இல்லை, ஆட்டம் முடிந்தது.

ஜூடோ என்றால் தூக்கி அடிப்பது, ஜியு-ஜிட்சு என்றால் தரையில் உருள்வது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாதிதான் சரி. ஜூடோவில் தரைச்சண்டை உண்டு. ஜியு-ஜிட்சுவில் தூக்கி அடிக்கத் தடை ஒன்றும் இல்லை. நடுவர் எந்த இடத்தில் ஆட்டத்தை முடிக்கிறார் என்பதுதான் வித்தியாசம். எதிராளியை வேகமாக, பலமாக, கட்டுப்பாட்டோடு முதுகு படும்படி அடித்தால் ஜூடோவில் ‘இப்போன்’, அத்தோடு சரி, வணக்கம் வைத்துவிட்டு இறங்கலாம். அதே அடிக்கு ஜியு-ஜிட்சுவில் 2 புள்ளி. உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நிற்கும் விதம், சட்டையைப் பிடிக்கும் விதம், முதுகைக் காட்டலாமா கூடாதா என்பதெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருகிறது.

இரண்டும் ஒரே வேர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவில் கோடோகன் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். பழைய ஜுஜுட்சு பள்ளிகளின் உத்திகளைச் சலித்து, ஆபத்தானவற்றை ஒதுக்கி, முழுப் பலத்தோடு மோதிப் பழகக்கூடியவற்றை வைத்துக்கொண்டார். அதுதான் ஜூடோ. கோடோகனின் இன்றைய பட்டியலில் 100 உத்திகள். அதில் 68 தூக்கியடி, 32 தரைப்பிடி. தரைப்பிடியை ஜூடோ மறுக்கவில்லை, ஆனால் பெரிய பங்கு எதற்கு என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

விதி மாறினால் கலை எப்படி உருமாறும் என்பதற்கு ஜப்பானிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1914-இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையே ‘கோசென்’ என்ற ஜூடோ போட்டிகள் தொடங்கின. அணிக்கு அணி மோதல், டிரா அனுமதி, நேரே தரைக்கு இழுத்துக்கொண்டு போகலாம். இப்படி ஒரு விதி இருந்தால் பையன்கள் என்ன செய்வார்கள்? தூக்கி அடிக்கக் கற்கப் பல வருடம் ஆகும். தரையில் சுருண்டு கிடந்து டிரா பண்ணக் கொஞ்ச காலம் போதும். பலம் குறைந்தவனை ‘நீ தோற்காமல் வந்தால் போதும்’ என்று அனுப்பிவைத்தார்கள். தரைப்பிடி அங்கே காடாக வளர்ந்தது. கால்களால் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து நெரிக்கும் முக்கோணப்பிடி, சான்காகு-ஜிமே, தழைத்தது அந்த மைதானங்களில்தான். கோடோகன் விழித்துக்கொண்டு, நேரே தரைக்கு இழுப்பதை 1925 வாக்கில் விதி போட்டுக் கட்டுப்படுத்தியது. பிறகு ஜூடோ நிமிர்ந்து நிற்கும் ஆட்டமாகவே போனது.

கடல் கடந்த கதை கிட்டத்தட்ட அதே காலத்தது. கோடோகனில் பழகிய மிட்சுயோ மேடா 1904-இல் அமெரிக்கா போனார், ஊர் ஊராக மல்லுக்கட்டி 1914-இல் பிரேசிலை அடைந்தார், அமேசான் முகத்துவாரப் பக்கமுள்ள பெலேம் நகரில் தங்கினார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. கார்லோஸும் தம்பி எலியோவும் ரியோவில் அதைத் தங்கள் வழியில் வளர்த்தார்கள். எலியோ ஒல்லியான ஆள். எதிராளி மேலே கிடந்தாலும் கீழிருந்தே சமாளிக்கும் வழிகளை அந்தக் குடும்பம் தேடித் தேடிக் கூர்தீட்டியது. புள்ளி கிடையாது, நேரம் பெரிய பொருட்டில்லை, யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கும் வரை சண்டை என்பதுதான் அவர்கள் விரும்பிய விதி.

இரண்டு விதிகளும் நேருக்கு நேர் மோதியது 1951-இல், ரியோவின் மரக்கானா மைதானத்தில். ஜப்பானின் மாபெரும் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா ஒரு பக்கம், எலியோ கிரேசி மறு பக்கம். தூக்கி அடிப்பதும் அமுக்கிப் பிடிப்பதும் கணக்கில் வராது, எதிராளியைப் பணிய வைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். கிமுரா எலியோவைத் திரும்பத் திரும்பத் தூக்கி அடித்தார். ஜூடோ விதி என்றால் ஜனங்கள் உட்கார்ந்து முடிப்பதற்குள் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். இங்கே எலியோ விழுந்தார், தொடர்ந்தார், விழுந்தார், தொடர்ந்தார். இரண்டாவது சுற்றில் கிமுரா தரையில் அவர் கையை முதுகுப்பக்கம் முறுக்கிய பிறகே முடிந்தது. கை உடைந்தும் எலியோ பணியவில்லை, கார்லோஸ்தான் நிறுத்தினார். அந்தக் கைப்பிடியை ஜியு-ஜிட்சுக்காரர்கள் இன்றைக்கும் ‘கிமுரா’ என்றே அழைக்கிறார்கள். தோற்கடித்தவன் பெயரையே உத்திக்கு வைத்த பெருந்தன்மை எனக்குப் பிடிக்கும்.

சரி, தூக்கியடிக்கு வருவோம். இப்போன்-சேயோய்-நாகே என்ற தோள் வீச்சை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் இடது கை எதிராளியின் வலது கைச்சட்டையை முழங்கைப் பக்கம் பிடித்திருக்கிறது. அவர் வலது காலை முன்னே வைக்கப் போகிறார். கால் தரையைத் தொடுகிற நேரத்தில் சட்டையை முன்னும் மேலுமாக இழுக்கிறீர்கள். அவர் எடை குதிகாலை விட்டுக் கால்விரல்களுக்கு ஓடிவருகிறது. நாட்டுப்படகில் நிற்கிறவனைத் தள்ள வேண்டியதில்லை, படகு சாய்கிற பக்கம் அவனே வருவான், அந்த நேரத்துக்குக் காத்திருந்தால் போதும். ஜூடோவில் இதற்குக் குஸுஷி என்று பெயர். அடுத்த நொடியில் உங்கள் வலது கை அவர் அக்குளுக்குள் நுழைந்து மேல்கையை இறுக்குகிறது. காலைச் சுழற்றி முதுகை அவர் நெஞ்சோடு ஒட்டுகிறீர்கள். முழங்கால் மடிந்து, உங்கள் இடுப்பு அவர் பெல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இழுப்பை விடாமல் முழங்காலை நிமிர்த்தினால் அவர் உங்கள் தோள் மேலாகச் சுற்றி வந்து மல்லாந்து விழுவார். கைப்பலம் இதில் கொஞ்சம்தான். இடுப்பு ஒரு சாண் உயரமாக இருந்துவிட்டால் எவ்வளவு பலசாலியாலும் தூக்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, நடுவில் ஒரு கணம் முழு முதுகையும் எதிராளிக்குக் காட்டிவிட்டீர்கள். வீச்சு சரியாக அமைந்தால் கவலையில்லை. அமையாவிட்டால்? ஜூடோக்காரர் முழங்காலில் சரிந்து சுருண்டுகொள்வார், நடுவர் எழுப்பிவிடுவார், மறுபடி முயலலாம். ஜியு-ஜிட்சுவில் அதே தோல்வி எதிராளிக்கு முதுகைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. அதனால்தான் அங்கே நின்றபடி மோதும்போது தோள் வீச்சைவிட, முகம் பார்த்தபடியே செய்யக்கூடிய உத்திகளுக்கு மதிப்பு அதிகம். காலுக்குள் காலைக் கொக்கி போட்டுத் தள்ளும் ஓ-உச்சி-காரி, ஒற்றைக் காலை வாரித் தூக்குவது, கணுக்காலைப் பறிப்பது. அல்லது ஒன்றுமே வேண்டாம் என்று தானே உட்கார்ந்து எதிராளியைத் தன் கால்களுக்குள் இழுத்துக்கொள்வது. எதிராளியைப் பிடித்தபடி உட்கார்ந்தால் ஜியு-ஜிட்சு விதி தண்டிப்பதில்லை. பார்க்கிற ஜூடோக்காரர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கும் கொஞ்சம் வரும்.

கணுக்கால் என்றதும் கபடிக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மூலையில் நின்று கணுக்காலைப் பறிப்பதற்கு நம் கரையில் ஆள் பஞ்சமே இல்லை. ஜூடோவிலும் அதற்கு உறவுக்காரன் உண்டு: கையால் குதிகாலைப் பறித்து வீழ்த்தும் கிபிஸு-காயேஷி. கோடோகன் பட்டியலில் இடம் இருக்கிறது, சர்வதேசப் போட்டி மேட்டில் இடமில்லை. ஆட்டம் குனிந்து குனிந்து மல்யுத்தம் மாதிரி ஆகிறது என்று சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு 2010-இல் பகுதியாகவும் 2013-இல் முழுமையாகவும் நின்றபடி காலைக் கையால் பிடிப்பதைத் தடை செய்துவிட்டது. ஆகவே நம் மூலைக்காரன் ஜூடோவுக்குப் போனால், தன்னிடமுள்ள நல்ல ஆயுதத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஜியு-ஜிட்சுவில் அந்தத் தடை இல்லை.

தரையில் கதை தலைகீழாகிறது. கபடியில் ஒரு பாட்டுக்கு 30 நொடி, பிடித்தவர்கள் அதற்குள் ஆளை விட்டுவிடக் கூடாது. ஜூடோவில் எதிராளியை மல்லாத்தி 20 நொடி அமுக்கிவைத்தால் இப்போன், 10 நொடிக்கு வாஸா-ஆரி என்ற அரை வெற்றி. ஆளைக் கட்டி அசையவிடாமல் வைக்கிற கபடிப் புத்திக்கு இது சொந்த வீடு மாதிரி இருக்கும். கேசா-கதாமே என்ற பிடியைப் பாருங்கள். விழுந்தவரின் விலாவை ஒட்டி உட்கார்ந்து, ஒரு கையால் அவர் கழுத்தைச் சுற்றி, மறு கையால் அவர் கையை அக்குளில் இறுக்கி, எடையை எல்லாம் நெஞ்சின் மேல் சாய்ப்பது. கீழே இருப்பவருக்கு மூச்சு விடுவதே பாடு. அந்த 20 நொடி மிக நீளமாக இருக்கும்.

ஜியு-ஜிட்சுவில் இதே பிடிக்கு இத்தனை நொடி என்று வெற்றி கிடையாது. கறுப்புப் பெல்ட் ஆட்டம் 10 நிமிடம், ஆரம்ப வெள்ளைப் பெல்ட்டுக்கே 5 நிமிடம். கீழே இருப்பவர் அவசரப்படமாட்டார். முன்னங்கையை எதிராளியின் கழுத்துக்கு முட்டுக் கொடுத்து, இடுப்பை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, முழங்காலை இடையில் நுழைக்கப் பார்ப்பார். கேசா-கதாமே போட்டவரின் முதுகு பாதி திறந்து கிடப்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே பல பயிற்சியாளர்கள் அந்தப் பிடியைப் புதியவர்களுக்கு அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை.

மல்லாந்து கிடப்பதைப் பலமாக மாற்றியதுதான் ஜியு-ஜிட்சுவின் தனிச்சிறப்பு என்று நான் நினைக்கிறேன். கீழே கிடப்பவர் கால்களை எதிராளியின் இடுப்பைச் சுற்றிப் பூட்டினாலோ, பாதங்களை அவர் இடுப்பிலும் கையிலும் ஊன்றினாலோ அது ‘கார்டு’. மேலே இருப்பவர் ஜெயித்துக்கொண்டிருக்கிற மாதிரி தெரியும், ஆனால் அவர் கழுத்தும் முழங்கையும் கீழே இருப்பவருக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கின்றன. கீழிருந்து புரட்டி மேலே வந்தால் 2 புள்ளி. மேலே இருப்பவர் அந்தக் கால் வேலியைத் தாண்டிப் பக்கவாட்டில் நிலைத்தால் 3. நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தால் 4. ஜூடோவிலும் கால் வேலிக்கு மரியாதை உண்டு, கீழே இருப்பவர் காலைப் பின்னிவிட்டால் அமுக்கிய கணக்கு நின்றுவிடும். ஆனால் ஜூடோக்காரருக்கு அது தாக்குப்பிடிக்கும் வழி. நடுவர் எழுப்பிவிடும் வரைக்கும்தான்.

அதனால் தரையில் நல்ல ஜூடோக்காரரைப் பார்த்தால் வேகம் தெரியும். சில நொடிகளில் புரட்டி, கையை நீட்டி, ஜுஜி-கதாமே என்ற முழங்கைப் பூட்டைப் போட்டுவிடுவார். இல்லையென்றால் வாய்ப்புப் போய்விடும். ஜியு-ஜிட்சுக்காரர் சதுரங்கம் ஆடுகிற நிதானத்தில் போவார். ஒருவர் மேட்டுக்கு மற்றவர் போனால் இரண்டு பேருக்கும் முதல் மாதம் அவமானம்தான். ஒருவர் நின்றபடி பறப்பார், மற்றவர் தரையில் நசுங்குவார்.

இனி நம் மண்ணுக்கு. இந்தக் கரையில் மேட் கிடைப்பது அரிது, மணலுக்குப் பஞ்சமில்லை. மணல் மெத்தென்று இருக்கிறதே, அங்கேயே ஜூடோ பழகலாமே என்று தோன்றும். விழுவதற்கு நல்லதுதான், சுழல்வதற்கு நல்லதில்லை. தோள் வீச்சில் பாதம் ஒரே வீச்சில் திரும்பியாக வேண்டும். தளர்ந்த மணலில் பாதம் புதைந்து நின்றுவிடும், உடம்பு மட்டும் திரும்பும், அந்த முறுக்கு முழுக்க முழங்காலுக்குப் போகும். தண்ணீர் ஓரத்து ஈரமணல் பரவாயில்லை. அங்கே பாதம் திரும்பும், ஆனால் விழுகிறவனுக்குத் தரை இறுகிப்போயிருக்கும். தரைச்சண்டைக்கு மணல் இன்னும் மோசம். இடுப்பை நகர்த்தத் தள்ளினால் மணல்தான் நகரும், கண்ணில் விழும், முழங்கையும் முட்டியும் சிராய்க்கும். ஆடிக் காற்றில் தனுஷ்கோடிப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மணலில் காலுக்குப் பலம் ஏற்ற ஓடலாம், குஸுஷிக்கு இழுத்துப் பழகலாம், முன்னுருளல் போடலாம். முழு வீச்சுக்கும் உருளலுக்கும் மேட்தான்.

மேட் வந்தாலும் உப்புக்காற்று விடாது. தடித்த பருத்திச் சட்டை இந்த ஈரப்பதத்தில் ஒரே ராத்திரியில் காய்வது கஷ்டம். நனைந்த சட்டையோடு ஒட்டி உரசினால் படர்தாமரை ஒருவனிடமிருந்து மொத்தக் குழுவுக்கும் போய்விடும். ஜியு-ஜிட்சுவில் நிமிடக்கணக்கில் தோலோடு தோல் ஒட்டிக் கிடப்பதால் இது கூடுதல் தலைவலி. இரண்டு சட்டை, பயிற்சி முடிந்ததும் குளியல், மேட்டைத் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைப்பது. பெல்ட் நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பேச வேண்டும்.

சாலையில் சண்டை வந்தால் எது உதவும் என்ற கேள்வியையும் பையன்கள் கேட்காமல் விடுவதில்லை. 1993-இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி (பல சண்டைக் கலைகள் மோதும்) போட்டியில் எலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைப் பணிய வைத்ததிலிருந்து இந்தக் கேள்வி உலகம் முழுக்கச் சுற்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். சிமென்ட் தரையில் அதற்கு இரண்டாவது புள்ளி தேவைப்படாது, அடித்தவனுக்கு போலீஸ் கேஸ் தேவைப்படும். சிமென்ட்டில் மல்லாந்து படுத்துக் கார்டு போடுவதும் புத்திசாலித்தனம் இல்லை, எதிராளியின் நண்பன் பக்கத்தில் நிற்பான். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நேரம் செலவழிப்பது வீண்.

எதில் சேருவது? ராமநாதபுரம் பையனுக்கும் பெண்ணுக்கும் நான் ஜூடோவையே முதலில் சொல்வேன். ஒரு காரணம் நடைமுறை: பள்ளிக் கல்வித்துறையின் விளையாட்டுப் போட்டிகளில் ஜூடோ உண்டு, குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படி இருக்கிறது. மேலே ஒலிம்பிக் வரை பாதை தெரிகிறது. மணிப்பூரின் சுசீலா தேவி 2014-லும் 2022-லும் காமன்வெல்த்தில் வெள்ளி வாங்கியது அந்தப் பாதையில்தான். பிரேசிலிய ஜியு-ஜிட்சு நம் பக்கம் இன்னும் பெருநகரத் தனியார் கூடங்களின் ஆட்டமாகவே இருக்கிறது. மாதக் கட்டணமும் சென்னைப் பயணமும் சேர்ந்தால் மீனவக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

இன்னொரு காரணம் விழப் பழகுவது. ஜூடோவில் ஆரம்ப வாரங்கள் முழுக்க உகெமிதான்: தாடையை நெஞ்சோடு ஒட்டி, முன்னங்கையால் மேட்டை அறைந்து, அடியை உடம்பு முழுக்கப் பகிர்ந்து விழுவது. கபடிப் பையன்கள் கையை நீட்டி விழுந்தே பழகியவர்கள். நீட்டிய கையில் பின்னோக்கி விழுந்தால் மணிக்கட்டும் முழங்கையும்தான் விலை. அந்தப் பழக்கத்தை முறித்துவிட்டு அப்புறம் தரைச்சண்டைக்குப் போகலாம். இருபது வயதுக்கு மேல் தொடங்குகிறவர்கள், முழங்காலில் ஏற்கெனவே அடி வாங்கியவர்கள் என்றால் என் யோசனையை மாற்றிக்கொள்வேன். அவர்களுக்குத் தினசரி தூக்கியடி உடம்பு தாங்காது, வாய்ப்பு கிடைத்தால் தரையிலிருந்தே ஆரம்பிப்பது நல்லது.

எந்தக் கூடத்தில் சேர்ந்தாலும் தட்டுவதை முதல் நாளே கற்றுத் தருகிறார்களா என்று பாருங்கள். கை பூட்டப்பட்டாலோ கழுத்து நெரிந்தாலோ எதிராளியின் உடம்பிலோ மேட்டிலோ இரண்டு தட்டு, அவர் உடனே விட்டுவிட வேண்டும். கபடியில் கடைசி மூச்சு வரை திமிறுகிறவனுக்குத்தான் கைத்தட்டல், அந்தப் பழக்கத்தோடு வருகிறவன் தட்டமாட்டான். முழங்கைப் பூட்டில் வலி தெரிவதற்கும் தசைநார் கிழிவதற்கும் இடைவெளி மிகக் குறைவு. கிழிந்தால் பல வாரம், சில நேரம் மாதக்கணக்கில், வலை இழுக்க முடியாது. வீட்டில் இன்னொருவர் அந்தப் பங்குக்குக் கடலுக்குப் போக வேண்டியிருக்கும். புதியவன் பூட்டு முழுதாக விழுவதற்கு முன்பே தட்டட்டும், யாரும் அதைத் தோல்வியாக எழுதி வைக்கப் போவதில்லை. தட்டிய பிறகும் ஒரு நொடி கூடுதலாக இழுத்துப் பார்க்கிற சீனியர் இருக்கிற கூடம் என்றால், கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று மறுநாள் அங்கே போகாதீர்கள்.